பிரவுசிங் சென்டர் பிள்ளைகள் ஊரைக் கேட்ட கதை

பிரவுசிங் சென்டர் நடத்த கம்ப்யூட்டர் தெரிந்தால் மட்டும் போதாது; பாஸ்வேர்டைத் தானே மறந்துவிட்டு, நாம்தான் அதை எடுத்து ஒளித்துவைத்தது போலப் பார்க்கிறவரிடம் சிரித்த முகத்தோடு பேசவும் தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். "சாட்டிங் பண்ண எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டவர்களையும், ரிசல்ட் வருகிற நாளில் சர்வர் தொங்கிப்போனதற்கு நம் சட்டையைப் பிடிக்க வந்தவர்களையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் சென்டர் சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு காலண்டர் கடையின் மாடியில் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தச் சில வருடங்கள்தான் எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். என் வீட்டுக்காரர் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு வீட்டில் இருந்தவள். பிளைவுட் தடுப்பு வைத்து ஆறு கேபின் போட்டு உட்கார்ந்தபோது, காதலர்களுக்கு நிழல் கொடுக்கிற தொழில் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். காதலர்களும் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இன்றும் நினைவில் இருப்பவர்கள் ஊர்ப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்த சில பிள்ளைகள்தான்.

கட்டம் கட்டமாக ஒரு மனு

அப்படி முதலில் வந்தவள் மாரிச்செல்வி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சிவகாசியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பேச்சியம்மாளுக்கு வெடி ஆபீஸில் வேலை. எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் வேன் ஊருக்குள்ளேயே வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். மகளுக்கு டவுன் பஸ்தான் கதி. அந்த பஸ்ஸோ அவர்கள் நிறுத்தத்தில் நிற்பதே இல்லை. பிள்ளைகள் கை காட்டினால், டிரைவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விடுவாராம்.

கலெக்டர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனு அனுப்பலாம் என்று எங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். நேரில் கொடுக்க விருதுநகர் போனால் ஒரு நாள் வகுப்பு போய்விடும். தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். என்னிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தது. அதிலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, அழகான மனு ஒன்றைத் தயார் செய்து அனுப்பினாள். நானும் பெருமையாக நின்று பார்த்தேன்.

பதில் வந்தது. மனுவைப் படிக்க முடியவில்லை, திரும்ப அனுப்பவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே அவர்கள் கண்ணுக்கு எங்கள் மனு எப்படித் தெரிந்தது என்பதும் இருந்தது. கட்டம், கேள்விக்குறி, மறுபடியும் கட்டம். எங்களிடம் இருந்த எழுத்துரு அவர்களிடம் இல்லை. அதனால் வந்த வினை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாரிச்செல்வி அதை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் எழுதுனது அவுக கண்ணுக்குக் கட்டம் கட்டமாத் தெரியுது. எங்க ஊரு எப்பிடித் தெரியுதோ, தெரியலையேக்கா."

காப்பி போட்ட காரியம்

என் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறவர் கணேசன். அதிகம் பேசாத ஆள். விஷயத்தைச் சொன்னதும், எந்த ஊரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோடு என்று ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி எல்லா கேபினிலும் அதைப் போட்டுக் கொடுத்தார். மாரிச்செல்வி அதே நிறுத்தத்தில் நிற்கிற தோழிகளையும் கூட்டி வந்தாள். ஒரே மனுவில் எல்லாரும் பெயர் போடலாமே என்றேன். அவள் கேட்கவில்லை. ஆளாளுக்கு அவரவர் பட்டதை அவரவர் வார்த்தையில் எழுதினார்கள். ஒருத்தி முதல் பாடவேளையே வரலாறு என்பதால் தனக்கு வரலாறே இல்லாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தாள்.

பக்கத்து கேபினில் கார்த்திக் என்று ஒரு பையன். பாலிடெக்னிக் படிக்கிறவன். சினிமா தவிர வேறு எதையும் திறந்து நான் பார்த்ததில்லை. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு இடத்துக்கு மட்டும் அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான், காப்பி போடுங்கள் என்று சொல்லி, பஸ் டிப்போவின் முகவரியையும் அதற்கு மேலே உள்ள அலுவலகத்தின் முகவரியையும் தேடி எடுத்துக் கொடுத்தான். எல்லா மனுவும் மூன்று இடத்துக்குப் போனது.

அடுத்த வாரம் டிப்போவிலிருந்து ஒரு அதிகாரி மாடி ஏறி வந்தார். மனுவின் அடியில் பிள்ளைகள் என் சென்டர் முகவரியைப் போட்டிருந்தார்கள். அந்த மெயில்களை அழிக்க முடியுமா என்று கேட்டார். அப்போது அங்கே இருந்த மாரிச்செல்வி எழுந்து, தன் நாற்காலியை அவருக்குப் போட்டு, நான்தான் சார் எழுதினேன் என்றாள். பஸ் முன்னாலேயே நிரம்பிவிடுகிறது, நிறுத்த முடியாது என்று அவர் விளக்கினார். அவள் மறுத்துப் பேசாமல், ஒரு நாள் காலையில் எங்கள் நிறுத்தத்துக்கு வந்து நின்று பாருங்கள் சார் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மனுஷன் நல்லவர். நிஜமாகவே போய் நின்றார். ஆளைத் தெரியாமல் டிரைவர் அவருக்கும் கை காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு பஸ் நின்றது. கொஞ்ச நாளில் கல்லூரி நேரத்துக்கு இன்னொரு வண்டியும் விட்டார்கள். அவர் மறுபடியும் ஒரு தடவை சென்டருக்கு வந்தார், தனக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்க. போகும்போது மாரிச்செல்வியைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே எதுன்னாலும் மொதல்ல எனக்கு அனுப்பு தாயி. மேல இருக்கறவுகளுக்கு அனுப்பிட்டு எனக்குக் காப்பி போடாத."

எதிர்க்கட்சி ரத்தம்

கார்த்திக்கின் முழுநேர வேலை சண்டை. அப்போது பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்திருந்த ஒரு நண்பர் தளத்தில், தன் நடிகருக்காக ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தான். எதிர் நடிகருக்குக் குழு நடத்தியவன் விருதுநகர்க்காரன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் எழுத்தில் அடித்துக்கொண்ட அடியைப் பார்த்தால் இரண்டு குடும்பத்துக்கும் வாய்க்கால் தகராறு என்று நினைப்பீர்கள். கார்த்திக் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகிற வேகத்தில் என் கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்துபோனது.

ஒரு நாள் மாரிச்செல்வி ஓடி வந்தாள். அவள் பெரியப்பா மகள் பிரசவத்துக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ரத்தம் நிறையப் போய்விட்டது, அவளுடையது எளிதில் கிடைக்காத வகை. வீட்டு ஆம்பளைகள் யாருக்கும் அது பொருந்தவில்லை. கார்த்திக் தன் குழுவில் போட்டான். உள்ளூரில் ஒருவரும் அகப்படவில்லை. பிறகு எதிரியின் குழுவுக்குள் போய், சண்டை எதுவும் இல்லாமல் விஷயத்தை மட்டும் எழுதினான். அங்கே போய்க் கேட்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவன் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

அந்தக் குழுவை நடத்தியவனுக்கே அந்த ரத்த வகை. பதில் எழுதக்கூட இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். கார்த்திக்கும் மாரிச்செல்வியும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பெரியப்பா வீட்டார் வாங்கிக் கொடுத்த ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தானாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு குழுவும் சேர்ந்து, யாருக்கு என்ன ரத்தம் என்று ஒரு பொதுப் பக்கம் தொடங்கின. மாவட்டத்தில் பல பேர் அதைப் பார்த்துத்தான் போன் பண்ணுவார்கள். கார்த்திக் முதல் தடவை கைகொடுத்தபோது அந்தப் பையன் சொன்னதை மாரிச்செல்வி அப்படியே வந்து சொன்னாள்: "ரத்தம் வேற, படம் வேற. ஒங்க ஆளு படம் ஓடாதுன்னு நான் எழுதுனதை வாபஸ் வாங்கமாட்டேன், சொல்லிட்டேன்."

உடையாத அணை

நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் நம்பமாட்டீர்கள். இதையும் கேளுங்கள். ரத்தப் பக்கத்தால் கார்த்திக்கின் செல்போனில் நூற்றுக்கணக்கான நம்பர்கள் சேர்ந்திருந்தன. ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலை, வெம்பக்கோட்டை அணை உடைந்துவிட்டது, தண்ணீர் வருகிறது என்று அவனுக்கு யாரோ ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்கள். நல்லது செய்கிற நினைப்பில் அதை எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். ஆற்றங்கரை ஊர்களில் ஆட்கள் ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். மாரிச்செல்வியின் ஊரில் ஒரு பெரியவர் விழுந்து கால் முறிந்துபோனது.

உண்மையில் அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாரிச்செல்வி சென்டருக்கு வந்து கார்த்திக்கைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. நீ பார்த்தாயா என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அவன் எழுந்தான். வீட்டுக்காரரின் பைக்கை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மழையிலேயே கிளம்பினான். அணையில் நின்று, மதகையும் தண்ணீர் மட்டத்தையும் கேமரா போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். அதை இணையத்தில் ஏற்றிவிட்டு, முன்பு அனுப்பிய அத்தனை பேருக்கும், நான் அனுப்பியது தவறு, நேரில் போய்ப் பார்த்துவிட்டேன், அணை நன்றாக இருக்கிறது என்று தன் பெயரைப் போட்டே அனுப்பினான். கால் முறிந்த பெரியவர் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னான். அதன்பிறகு பார்க்காத எதையும் அவர்கள் கூட்டத்தில் யாரும் அனுப்பியதில்லை.

நனைந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தவனிடம் அணைக் காவலாளி வந்து என்ன ஏதென்று விசாரித்தாராம். கார்த்திக் மறைக்காமல் சொல்லியிருக்கிறான். அவர் குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "அணையை மட்டும் எடுத்தாப் போதாது தம்பி, என்னையும் சேத்து எடுங்க. நான் அடிச்சுட்டுப் போயிட்டேன்னு எங்க வீட்ல அழுதுக்கிட்டு இருக்காக."

கணேசன் நின்ற வரிசை

தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலை இணையத்தில் பார்க்கலாம் என்றானதும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சென்டரை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு விடுமுறை. பேச்சியம்மாள் தன் தெருப் பெண்களோடு வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். இதுதான் உன் பேர் என்று மகள் காட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆபீஸில் அலுமினியப் பொடி கலக்கிய விரல் எத்தனை தடவை கழுவினாலும் முழுசாகப் போகாது. என் மானிட்டரில் வெள்ளி நிறத்தில் ஒரு தடம் விழுந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெயர் விட்டுப்போனவர்களுக்கு அங்கேயே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் தடவை ஓட்டுப் போடப்போகிறவர்கள் பாதிப்பேர். இந்த அமளியில் கணேசன் பெயரையும் தேடினோம். கிடைத்தது. ஆனால் பெண் என்று போட்டிருந்தது. இத்தனை தேர்தலாக ஏன் திருத்தவில்லை என்று எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டோம். திருகாணியைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "பொம்பளைங்க வரிசையில போய் நில்லுன்னு அனுப்பிட்டாக. நெழலு அங்கனதான் இருந்துச்சு, நானும் மறுத்துப் பேசலை."

வண்டி வந்த வழி

இதை எழுதத்தான் எனக்குத் தயக்கம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், சென்டரின் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் போனவர்கள் அப்படியே நின்று புகை எந்தத் திசையில் என்று பார்த்தார்கள். பேச்சியம்மாள் வேலை செய்கிற திசை அது. மாரிச்செல்வி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஆபீஸுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் அழவில்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; அது அவளுக்கே தெரியவில்லை.

பொழுது சாயும்போது பேச்சியம்மாளே மாடி ஏறி வந்தார். வெடித்தது பக்கத்து ஆபீஸ். தன் மகள் இங்கேதான் இருப்பாள் என்று பஸ் ஸ்டாண்டில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்திருக்கிறார். தாயும் மகளும் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை, திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கார்த்திக்கும் வந்தான். சட்டையெல்லாம் கரி. அடிபட்டவர்களைத் தூக்கப் போனவன் போனில் எல்லாவற்றையும் படம் எடுத்திருந்தான். இதை அப்படியே இணையத்தில் போடுவோம், உலகம் பார்க்கட்டும் என்று கொதித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு வந்திருந்த கணேசன் படத்தைத் திரையில் ஓட்டினார். பாதியிலேயே பேச்சியம்மாள் திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துவிட்டார். அதில் அவர் கூடப் பழகியவர்கள் இருந்தார்கள்.

கடைசியில் முகங்கள் வந்த இடம் எல்லாவற்றையும் கணேசன் வெட்டி எடுத்தார். மிஞ்சியது அந்த ஆபீஸுக்குப் போகிற ஒரு சந்து. இரண்டு பக்கமும் லோடு லாரிகள் நிற்க, நடுவில் தீயணைப்பு வண்டி மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது. ஆட்கள் ஒரு லாரியைத் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். வண்டி நகரவே இல்லை. அவ்வளவுதான் படம். பிள்ளைகள் தாங்கள் நடத்திய வலைப்பதிவில் அதைப் போட்டு, எந்த ஆபீஸ் பெயரும் எழுதாமல், இந்த வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள். பல ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், பேப்பரில் வந்தது, அதிகாரிகள் வந்து சந்தின் அகலத்தை அளந்தார்கள். அந்தச் சந்திலும் அதைப்போன்ற மற்றச் சந்துகளிலும் லாரி நிறுத்தக்கூடாது என்று உத்தரவாயிற்று. இது மட்டும் போதும் என்று முடிவு செய்தது யார் என்று பிறகு ஒரு நிருபர் என்னிடம் கேட்டார். பேச்சியம்மாள் அன்று கையை எடுக்காமலேயே சொன்னதை அவரிடம் சொன்னேன்: "இவுகளைப் பாத்து அழுறதுக்கு நாங்க இருக்கோம்யா. ஊரு பாக்கணும்னா வண்டி வர முடியாமப் போன வழியைக் காட்டுங்க."

அண்ணாச்சியின் மாடி

அந்தப் படம் சிலருக்குப் பிடிக்கவில்லை. கீழே காலண்டர் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் எங்கள் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். பட்டாசுக் கம்பெனிகள் கொடுக்கிற காலண்டர் ஆர்டரில்தான் அவருடைய வருடம் ஓடும். மாடியில் இருப்பவர்களைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று அவருக்குப் போன் வந்துவிட்டது. யார் பேசியது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார். வீட்டுக்காரர் பழைய அட்டைப் பெட்டிகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் மாரிச்செல்வி, நாங்கள் இனி வரவில்லை அக்கா, எங்களால் உங்களுக்குக் கஷ்டம் என்றாள். வராவிட்டால்தான் கஷ்டம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி மாடிக்கு வந்தார். அத்தனை வருடத்தில் அவர் மாடி ஏறியது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு கேபினாக எட்டிப் பார்த்தார். அந்தச் சந்துப் படத்தைப் போடச் சொல்லி, நின்றபடியே முழுசாகப் பார்த்தார். அவர் மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருந்தாள். அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "நம்ம மாடியில இருந்தாப்பா இது வந்துச்சுன்னு எம்மக பெருமையாக் கேக்கா. ஆமாம்மான்னுட்டேன். இனி எந்த வாயால ஒன்னையக் காலி பண்ணச் சொல்ல?"

பக்கத்து கேபின்

வலைப்பதிவில் எதிர்ப்பும் வந்தது. 'சிவகாசிக்காரன்' என்ற பெயரில் ஒருவர் விடாமல் எழுதினார். ஊர்ப் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள், ஆபீஸ் மூடினால் உங்கள் வீட்டு அடுப்பு எரியாது என்பது அவர் கட்சி. அதே அடுப்புக்காகப் போனவர்கள் திரும்பி வர வழி கேட்கிறோம் என்று மாரிச்செல்வி பதில் எழுதுவாள். ஒரு சாயங்காலம் இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தது. நான் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மாரிச்செல்வியின் கேபினில் தட்டுகிற சத்தம் நின்றதும், பக்கத்து கேபினில் சத்தம் தொடங்குகிறது. அது நின்றதும் இங்கே தொடங்குகிறது. அந்தப் பக்கம் இருந்தவன் சரவணன். அவன் அப்பா சின்ன அளவில் ஒரு வெடி ஆபீஸ் நடத்துகிறவர். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தும், அப்பா பார்த்துவிடுவார் என்று என்னிடம் வந்து எழுதிக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் கரண்ட் போனது. இரண்டு பேரும் வெளியே வந்து, பெரிய பதில் ஒன்று அடித்து வைத்திருந்தேன் அக்கா, போய்விட்டதே என்று ஒரே நேரத்தில் முறையிட்டார்கள். என்ன பதில் என்று ஆளுக்கு ஒரு வரி சொன்னதுமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரவணனுக்குக் காது சிவந்துவிட்டது. "பிளைவுட்டுக்கு அங்கிட்டு இருந்துக்கிட்டா என்னைய இந்த வாங்கு வாங்குனீக?" என்று கேட்டான். மாரிச்செல்வி சிரித்துவிட்டாள். டீ வரவழைத்தேன். எழுத்தில் வெட்டிக்கொண்டவர்கள் முகம் பார்த்துப் பேசியபோது குரல் இறங்கிவிட்டது. அடிபட்டவர்களில் ஒருவர் முன்பு தங்களிடம் வேலை செய்தவர் என்றும், அன்றிலிருந்து தூக்கம் இல்லை என்றும் சரவணன் சொன்னான். அப்படியானால் உங்கள் ஆபீஸ் வழி எப்படி இருக்கிறது என்று காட்டுங்கள் என்றாள் அவள்.

அப்பாவை அவன் எப்படிச் சம்மதிக்க வைத்தானோ, தெரியாது. வீட்டில் பல நாள் பேச்சுவார்த்தையே இல்லையாம். கடைசியில் எங்களை வரச் சொன்னார்கள். கேட்டிலிருந்து கடைசி ஷெட் வரை இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு சைக்கிள்கூட நிற்கக்கூடாது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வேலையாட்கள் எல்லாரையும் ஒரு தடவை ஓடச் சொல்லிப் பார்த்தார்கள். வயதான பெண்கள்கூடச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மாரிச்செல்வி அதைப் படம் எடுக்கலாமா என்று கேட்டு, சரி என்றபிறகே எடுத்தாள். சரவணனின் அப்பா எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார்: "வாசல்ல வந்து கோஷம் போட்டிருந்தீகன்னா கேட்டைச் சாத்தியிருப்பேன். நீங்க எம்மகன் வாய் வழியா வீட்டுக்குள்ள வந்துட்டீக, எதைச் சாத்துறது?"

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, மாடி ஏறுகிறவர்கள் குறைந்தார்கள், நானும் ஜெராக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டுவிட்டு அதே மாடியில் இருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் வராமல் இருந்திருந்தால் என் ஊரை நான் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருப்பேன். அவர்களுக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடனைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு நல்லது செய்ய உட்கார்ந்தவர்களிடமே மணிக் கணக்குப் போட்டு வாடகை வாங்கி, அதற்கு அவர்கள் வாயாலேயே "ரொம்ப நன்றிக்கா" என்றும் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.